பல்லி முட்டைக்கு நாட் குறித்தவர் யார்?

பல்லியில்லாத வீடு ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை. கல்வீடாயினுஞ் சரி, ஓலை வேய்ந்த மண்வீடாயினுஞ் சரி, விளக்கேற்றிய சிறிது பொழுதுக்குள் அது சுவரில் தன் இடத்துக்கு வந்துவிடும். அது எத்திசையிலிருந்து சொன்னால் என்ன பலன், உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்றெல்லாம் நமது பஞ்சாங்கங்கள் அட்டவணை போட்டுச் சொல்லும். ஆனால் அந்தப் பல்லியின் முட்டை எத்தனை நாளிற் பொரிக்கும், நாள் பிந்தினால் நாம் செய்யத்தக்கது யாது என்று கேட்டால் விடை கூறுவோர் அரியர்.

2025ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, பதுளையில் ஒரு நண்பரின் இல்லத்தில், இக்கேள்வி எம்மிடம் கேட்கப்பட்டது. கேட்டவன் பதினேழு வயது மாணவன். கேட்கும்போது அவன் கண்கள் கலங்கியிருந்தன. கடலையளவான ஒரு முட்டைக்காக ஓர் இளைஞன் கண் கலங்குவதா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நடந்ததை முற்றுங் கேட்டபின் அவர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

நண்பர் யாழ்ப்பாணத்தவர், அரசாங்க உத்தியோகத்தர். 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இடமாற்றம் பெற்றுக் குடும்பத்துடன் பதுளைக்கு வந்தார். தாயாரும், மனைவியும், மகனும், பத்து வயது மகளும் அவருடன் இருக்கிறார்கள். மகளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வீட்டிலும் வளவிலும் காணும் சிறு பிராணிகளைப் பற்றி அப்பியாசக் கொப்பி ஒன்றிற் குறித்து வைப்பாள். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, 2023ஆம் ஆண்டு மே மாதத்திற் புத்தக அலுமாரியின் பின்புறத்திற் கண்ட இரண்டு பல்லி முட்டைகளுக்கு அவள் நாட்கணக்கு வைத்தாள். அவை இரண்டும் 47ஆம் நாள் இரவு பொரித்தன. அன்றிலிருந்து, 'பல்லி முட்டை: 47 நாள்' என்பது அந்தக் கொப்பியில் ஒரு சட்டமாயிற்று.

பதுளை வீட்டில், 2024 நவம்பர் 2ஆந் திகதி சனிக்கிழமை, தாயார் தையல் இயந்திரத்தின் லாச்சியைத் திறந்தபோது ஒரு பல்லி துள்ளி ஓடியது. நூற்கட்டைகளுக்கு இடையில் இரண்டு வெள்ளை முட்டைகள் கிடந்தன. முதல்நாள் மாலை அதே லாச்சியிலிருந்து அவர் நூல் எடுத்திருந்தார். அப்போது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எனவே முட்டையிட்ட நாளைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. மகளின் வேண்டுகோளுக்கு இணங்கி லாச்சி அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. நூற்கட்டைகள் ஒரு பிஸ்கற் பேணிக்குள் குடிபெயர்ந்தன. சிறுமி கொப்பியில் நாளைக் குறித்து, டிசெம்பர் 19ஆந் திகதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.

அந்த நாள் வந்தது, போயிற்று. நத்தாரும் போயிற்று. முட்டைகள் கிடந்தபடியே கிடந்தன. புத்தாண்டு பிறந்தபோது சிறுமியின் பொறுமையும் தளர்ந்திருந்தது. ஆயினும் முதலில் மனம் பொறாதவன் தமையன்தான். அவன் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பவன். முழு வளர்ச்சியடைந்த கோழிக்குஞ்சு சிலவேளை கோதை உடைக்க வலுவின்றி உள்ளேயே மடிந்துபோவதுண்டு என்று எங்கோ படித்திருந்தான். அவனுடைய வாதம் இதுதான்: 47 நாளிற் பொரிக்க வேண்டிய முட்டை 61 நாளாகியும் பொரிக்கவில்லை, ஆகவே உள்ளிருக்கும் குஞ்சுகள் வெளிவர மாட்டாமல் தவிக்கின்றன, தெரிந்தும் சும்மா இருப்பது பாவம். இவ்வாதத்திற் கருணை இருக்கிறது; தர்க்கமும் இருக்கிறது. தொடக்கத்தில் வைத்த எண் ஒன்றுதான் பிழை.

ஜனவரி 2ஆந் திகதி பிற்பகல், தங்கை தடுக்கத் தடுக்க, ஊசி ஒன்றினால் ஒரு முட்டையின் முனையை அவன் மெல்லக் கெல்லினான். கோது சிறு சிறு துண்டாகப் பெயர்ந்தது. கீழே மெல்லிய சவ்வு. அதில் செந்நூல் ஓடியதுபோல இரத்த நாளங்கள். அதைக் கிழித்தவுடன் இரத்தம் கசிந்தது. உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு பல்லிக்குஞ்சு, பெரிய கண்கள், விரல்கள் கூட வந்துவிட்டன. அது அசைந்தது. ஆனால் அதன் வயிற்றில் பாசிப்பயறு அளவில் மஞ்சட்கரு இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னரே அசைவு நின்றுவிட்டது. அவன் அதைக் கடதாசியிற் சுற்றி ரோசாச் செடியின் அடியிற் புதைத்தான். தங்கை அன்று முதல் அவனுடன் பேசவில்லை.

நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது அந்த மௌனத்துக்குப் பன்னிரண்டு நாள் வயது. முட்டைக்கு 73 நாள்.

பொங்கல் உண்டபின் வழக்கு எம்முன் வந்தது. நண்பர், "இது கூழ்முட்டை. எறிந்துவிட்டுப் படிக்கிற வேலையைப் பாருங்கள்" என்றார். அவருடைய மனைவியாருக்கு லாச்சி தேவைப்பட்டது. அதற்குமேல் அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆச்சி திண்ணையில் இருந்தபடியே, "தம்பி, அடை வைச்ச கோழி முட்டைக்கே நாங்கள் கை வைக்கிறதில்லை. இதுக்கு வைப்பமோ? அது வாற நேரம் வரும்" என்றார். சிறுமி எம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாகத் தமையன் பேசினான். "முதலாவதை அவசரப்பட்டு உடைத்துக் கொன்றேன். இதை உடைக்காமல் விட்டுக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எது சரியென்று சொல்லுங்கள்" என்றான்.

அவன் கேட்டது எளிய கேள்வியன்று. கை வைப்பது மாத்திரமே செயல், கை வைக்காதிருப்பது செயலன்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டாலும் ஓர் உயிர் போகக்கூடும். ஆகவே "சும்மா விடு" என்று ஒரு சொல்லிற் கூறி அவனை அனுப்பிவிட எமக்கு மனம் வரவில்லை. காத்திருப்பதாயின் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவேண்டும்.

முதலில் அந்த 47ஐ எடுத்துக்கொண்டோம். கோழி தன் உடம்பின் சூட்டை முட்டைக்குக் கொடுக்கிறது. அடை கிடக்கும் கோழிக்குக் கீழே மாரியும் கோடையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் 21 நாட் கணக்குப் பெரும்பாலும் பிசகுவதில்லை. பல்லியோ முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். அதற்குக் கொடுக்க உடம்பிற் சூடும் இல்லை. சுவரும், அலுமாரியும், லாச்சியும் எவ்வளவு சூடோ, முட்டையும் அவ்வளவுதான். உள்ளிருக்கும் கரு அந்தச் சூட்டுக்கேற்ற வேகத்தில் வளரும், குளிர்ந்தால் தாமதிக்கும். வெப்பமான இடங்களில் நமது வீட்டுப் பல்லியின் முட்டை பெரும்பாலும் 45 முதல் 60 நாளுக்குட் பொரிக்கிறது. குளிர்ந்த இடத்தில் அதே முட்டை இன்னும் பல நாள் எடுத்துக்கொள்ளும். இரண்டும் பழுதில்லாத முட்டைகளே.

யாழ்ப்பாணத்தின் மே மாதம் எப்படியிருக்கும் என்று அவ்வீட்டாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இரவிலும் சுவர் சுடும். பதுளையோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை அங்கே வடகீழ்ப் பருவமழை. வெயில் முகங்காட்டாத நாட்கள் பல. அந்த லாச்சி இருந்த அறைக்குக் காலை வெயிலும் இல்லை, மாலை வெயிலும் இல்லை. தமையன் வெப்பமானி ஒன்று வைத்திருந்தான். அதை லாச்சிக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னோம். உச்சிப்பொழுதில் 24 பாகை காட்டியது. மறுநாள் அதிகாலையில் 20 பாகை. அவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். சிறுமியின் கொப்பியில் இருந்த சட்டம் யாழ்ப்பாணத்துச் சட்டம். பதுளை முட்டைக்கு அது செல்லாது என்பதை அவனுக்கு நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குளிருக்கும் முட்டைக்கும் உள்ள இப்பகை எவ்வளவு பெரிது என்பதற்கு நியூசிலாந்து தேசத்தைப் பார்க்கலாம். அத்தீவுகளுக்கே உரிய பல்லிகள் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகின்றன. தாய் வெயிலைத் தேடிச் சென்று உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். முட்டை நடந்து போக முடியாதன்றோ? அதே நாட்டில் துவாத்தரா என்று ஒரு பிராணி உண்டு. பார்வைக்கு ஓணான் போன்றது. ஆயினும் மிகப் பழைய வேறொரு குலத்தைச் சேர்ந்தது. அது மண்ணிற் புதைக்கும் முட்டை பொரிக்க ஓராண்டுக்கு மேற் செல்லும். சிறுமி இதைக் கேட்டதும் பதுளையின் 73 நாள் அவளுக்கு அற்பமாகிவிட்டது.

"அப்படியானால் விளக்கின் கீழ் வைத்துச் சூடாக்கலாமே" என்றான் தமையன். இது இரண்டாவது அவசரம். மின்குமிழின் கீழ் ஒரு சிறு முட்டை எவ்வளவு சூடாகும் என்பதை வெளியில் நின்று மதிப்பிட முடியாது. குளிரிலே கரு தாமதிக்கும். அளவு மீறிய சூட்டிலோ சில மணி நேரத்தில் இறந்துவிடும். பிந்தியதைத் திருத்தலாம், இறந்ததைத் திருத்த முடியாது என்று சொல்லி அதை விலக்கினோம்.

ஆச்சி தம் பங்குக்கு ஒரு யோசனை கூறினார். கோழி தன் முட்டையை நாளுக்குப் பலமுறை புரட்டிவிடுகிறதே, இதைப் புரட்ட ஆளில்லாதபடியாற்றான் பொரிக்கவில்லையோ என்பது அவர் ஐயம். கோழி வளர்த்த அநுபவம் அது. ஆனால் இங்கே அது பொருந்தாது. கோழி முட்டையில் மஞ்சட்கருவை இரு புறத்திலும் முறுக்கிய கயிறு போன்ற வெண்தசை தாங்கி நிற்கிறது. முட்டை உருண்டாலும் கரு மேற்புறமாகவே நிற்கும். பல்லி முட்டையில் அந்தக் கயிறு இல்லை. இட்ட சில நாட்களுக்குள் கரு மேற்புறத்தில் நிலைகொண்டு, அதன் சவ்வுகள் கோதின் உட்புறத்தோடு ஒட்டி வளரும். பிறகு அதைப் புரட்டுவது உயிருக்கு ஆபத்து. பல்லி முட்டையை இடமாற்ற நேர்ந்தால், மேற்புறத்திற் பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டு, அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி எடுத்து வைக்கவேண்டும். கோதிற் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டையானால் எடுக்கவே கூடாது, பெயர்க்கும்போது உடைந்துவிடும். நமது நாட்டுக் காடுகளிற் பகலில் நடமாடும் சிறு பல்லி இனங்கள் பாறை இடுக்குகளில் இவ்வாறு ஒட்டி வைப்பதுண்டு. அவற்றுட் பல இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. மலையேறப் போகும் மாணவர்கள் பார்த்துவிட்டு அப்படியே விட்டு வருவார்களாக.

இன்னொன்று, தண்ணீர். முட்டை காய்ந்துவிடும் என்று சிலர் ஈரப்பஞ்சு வைப்பர். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளில் வாழும் சிறுத்தைப் பல்லிக்கு அது சரி. அதன் முட்டைக்கோது தோல்போல மெத்தென்றிருக்கும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கும். ஈரம் போதாவிடிற் குழிந்துவிடும். மேல்நாடுகளில் அவற்றை வீட்டில் வளர்ப்போர் ஈரத்தையும் சூட்டையும் அளந்து வைக்கிறார்கள். அந்த இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட முட்டை கிடந்த சூடே தீர்மானிக்கிறது என்றால் நம்புவீர்களா? 26 பாகையளவிற் பெரும்பாலும் பெண். 32, 33 பாகையில் மிகுதியும் ஆண். அதற்கும் மேலே போனால் மறுபடியும் பெண். நம் வீட்டுப் பல்லியின் கதை வேறு. அதன் முட்டை இடும்போது மெத்தென்றிருந்து, சற்று நேரத்தில் சுண்ணாம்புக் கோதாக இறுகிவிடும். குஞ்சுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் அப்போதே உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து நாம் ஊட்டவேண்டியதில்லை. பல்லி முட்டைகள் கடல்நீரில் அமிழ்ந்து கிடந்த பின்னும் பொரித்ததை 1957ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கப்பற் சரக்குகளோடு வீட்டுப் பல்லி உலகத்தின் வெப்ப நாடுகளெங்கும் பரவியதற்கு இந்தக் கோதும் ஒரு காரணம்.

இனி, தமையனின் நெஞ்சை உறுத்திய விஷயத்துக்கு வருவோம். பொரிக்கும் நாளுக்கு முன்பு முட்டைக்குள் என்ன நடக்கிறது? குஞ்சு பார்வைக்கு முழுமை பெற்ற பின்னரும் இரண்டு வேலைகள் மீதியிருக்கும். ஒன்று, எஞ்சிய மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வது. பிறந்தபின் முதற் சில நாட்களுக்கு அதுவே கட்டுச்சோறு. மற்றது, கோதின் உட்புறத்தில் விரிந்து கிடக்கும் நாளங்களிலிருந்து இரத்தத்தை உடம்புக்குத் திரும்ப வாங்குவது. கோதுக்குள் இருக்கும்வரை குஞ்சு மூச்சு வாங்குவது அந்த நாளங்களின் வழியாகத்தான். கோதின் நுண்ணிய துளைகளினூடே வரும் காற்றை அவை ஏற்கின்றன. அந்த இரத்தம் உள்ளே போகுமுன் சவ்வைக் கிழித்தால் குஞ்சு தன் இரத்தத்தையே இழக்கிறது. அவன் கண்ட செந்நூல்கள் அவைதான். தவித்துக்கொண்டிருந்த குஞ்சை அவன் காப்பாற்றத் தவறவில்லை. தவிக்காமல் வளர்ந்துகொண்டிருந்த ஒன்றைத்தான் திறந்துவிட்டான். இதை அவனிடம் மறைத்துச் சொல்ல எமக்கு விருப்பமில்லை, சொன்னோம். அவன் தலைகுனிந்து கேட்டான். அவன் எதிர்பார்த்ததும் அதுவே போலும். சொன்னபின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததேயன்றி வாட்டம் மிகவில்லை.

வேலைகள் இரண்டும் முடிந்தால் குஞ்சு தானே கோதை உடைக்கும். அதற்கு இயற்கை ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது: மேல் தாடையின் நுனியில் முட்டைப்பல். கோழிக்குஞ்சின் மூக்கு நுனியிலுள்ள வெள்ளைப் புடைப்புப் பல்லன்று, கொம்புப்பொருள். பல்லிக்கு இருப்பது மெய்யான பல். பாம்புகளுக்கும் ஓணான் முதலியவற்றுக்கும் அது ஒன்றுதான்; பல்லிக்கோ இரண்டு. பொரித்த சில நாட்களுக்குள் விழுந்துவிடும். கற்சுவர் போன்ற கோதை உடைக்கும் இப்பற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை.

அப்படியானால் நாம் உதவத்தக்க தருணமே இல்லையா என்று கேட்டான் தமையன். உண்டு, ஆனால் வாசல் மிக ஒடுக்கமானது. குஞ்சு தானாகவே கோதை உடைத்து மூக்கை வெளியே நீட்டியிருக்கவேண்டும். அந்நிலையிற் பல மணி நேரம் அசையாதிருப்பது வழக்கமே, அது இளைப்பாறுகிறது. அதன் பின்னரும் ஒரு நாளளவு யாதொரு முன்னேற்றமும் இன்றி, சவ்வு காய்ந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் அந்தச் சவ்வை ஈரமாக்கலாம். மூக்கைச் சுற்றியுள்ள உடைந்த கோதில் ஒரு துண்டு, இரண்டு துண்டு அகற்றலாம். இரத்தம் ஒரு துளி கண்டால் உடனே கையை எடுத்துவிடவேண்டும். கோது உடையாத முட்டையில் முதல் உடைப்பை நாம் செய்வது இந்த உதவியிற் சேராது.

முழு வளர்ச்சி பெற்றும் கோதுக்குள் மடியும் குஞ்சுகள் இல்லாமலில்லை. அவன் படித்தது பொய்யன்று. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை உடைக்கும் வலுவை இழந்தமைக்கு உடம்பிலேயே ஒரு குறை காரணமாயிருக்கும். நாம் திறந்துவிட்டாலும் அவை பிழைப்பது அரிது. எனவே கணக்கு இவ்வாறு அமைகிறது. பொறுத்திருந்து தவறினால் பெரும்பாலும் பிழைக்காத ஒன்றை இழக்கிறோம். அவசரப்பட்டுத் தவறினால் பிழைத்திருக்கவேண்டிய ஒன்றை இழக்கிறோம். இக்கணக்கை அவன் தானே கடதாசியில் எழுதிப் பார்த்தான். உயிரியலிற் புள்ளி எடுக்கக்கூடிய பிள்ளை.

ஆயினும் நண்பர் சொன்னதுபோல அது வெறுங் கூழ்முட்டையாகவும் இருக்கலாமல்லவா? அதைச் சோதிக்க வழியுண்டு. யன்னல்களை மூடி அறையை இருளாக்கினோம். முட்டையைத் தூக்காமல், கைத்தொலைபேசியின் விளக்கைப் பக்கத்தில் வைத்து ஒரு கணம் ஒளியைப் பாய்ச்சினோம். கருவில்லாத முட்டையாயின் உள்ளே ஒரே மஞ்சளாக ஒளி பரந்திருக்கும். இதில் ஒளி புகவில்லை. நடுவெல்லாம் கருமை, ஓரத்தில் மாத்திரம் செந்நிறச் சாயல். கோதிற் பூஞ்சணம் இல்லை; குழிவில்லை; நாற்றமில்லை; எறும்பு மொய்க்கவில்லை. இறந்த முட்டை இரண்டு வாரத்துக்குள் இவற்றுள் ஒன்றையேனும் காட்டியிருக்கும் என்பது எம் எண்ணம். உள்ளே ஏதோ அசைந்ததென்று சிறுமி சத்தியஞ் செய்தாள். எமக்கு அது புலப்படவில்லை. எமது கண்ணாடி பழையது.

தீர்ப்புக் கூறினோம். முட்டை இருக்கும் லாச்சியை அப்படியே கழற்றி, சாயாமல் எடுத்துச் சென்று, சமையலறைச் சுவரின் உட்தட்டில் வைப்பது. அடுப்பின் சூடு நேராகப் படக்கூடாது. அறையின் பொதுவான கதகதப்பே போதும். தட்டின் கால்களுக்கு எறும்பு ஏறாதபடி தண்ணீர்ச் சிரட்டை. பூனை எட்டாத உயரம். நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம், தொடக்கூடாது. நாற்றமோ பூஞ்சணமோ கண்டால் எறிந்துவிடலாம். அதுவரை கெடு எதுவுமில்லை. "எவ்வளவு நாள்?" என்று நண்பரின் மனைவியார் கேட்டார். "கெடு இல்லை" என்று மறுபடியுஞ் சொன்னோம். அவர் பெருமூச்சு விட்டார்.

லாச்சியைத் தூக்கிச் சென்றவன் தமையன். சிரட்டைகளைக் கொண்டுவந்தவள் தங்கை. வழியில், "சாயாமற் பிடி அண்ணா" என்றாள். அவனும் அவளைத் திரும்பிப் பாராமலே, "ஓம்" என்றான். பன்னிரண்டு நாட்களின் பின் அவ்விருவருக்கும் இடையில் நடந்த முதற் பேச்சு அதுவென்று ஆச்சி எமக்குப் பிறகு சொன்னார்.

நாம் மறுநாள் கொழும்புக்குத் திரும்பிவிட்டோம். உள்ளதைச் சொன்னால், வழிநெடுக எமக்கும் நிம்மதி இருக்கவில்லை. உறுதியாகப் பேசிவிட்டு வந்தோமே தவிர, அந்தக் கருமையான முட்டைக்குள் உயிர் இருந்ததா என்பது எமக்கு மாத்திரம் எப்படித் தெரியும்? நாம் கற்பித்த பொறுமையால் அந்தப் பிள்ளையின் மனத்தில் இரண்டாவது சுமையையும் ஏற்றிவிட்டோமோ என்று எண்ணினோம்.

ஜனவரி 17ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் தமையன். இரவு படிப்பை முடித்துப் பதினொரு மணிக்குப் பார்த்தபோது கோதில் ஒரு சிறு பிளவு இருந்ததாம். மூக்கு நுனி தெரிந்ததாம். தங்கையை எழுப்பினானாம். இருவரும் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்களாம். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "கை பரபரத்தது. ஊசி மேசையிலேயே இருந்தது. எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்" என்றான். இரண்டு மணியளவில் தலை வெளியே வந்தது. பிறகு ஒரு முன்னங்கால். பிறகு, முழுவதும் வெளியே வந்ததை அவர்கள் பார்க்கவேயில்லை. தங்கை கொட்டாவி விட்ட ஒரு கணத்துக்குள், வாலோடு சேர்த்து ஐந்து சென்ரிமீற்றர்கூட இல்லாத அந்தப் பிராணி, லாச்சியின் விளிம்பிலிருந்து சுவருக்குத் தாவி, நாட்காட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"வயிறு எப்படி?" என்று கேட்டோம். மஞ்சட்கரு வெளியே தெரியவில்லை, கோதுக்குள்ளும் இரத்தமில்லை, காய்ந்த சவ்வு மாத்திரமே ஒட்டியிருந்தது என்றான். பின்னர் தங்கை தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். குஞ்சுக்கு என்ன உணவு வைக்கலாம், சீனித்தண்ணீர் குடிக்குமா என்பது அவள் கேள்வி. ஒன்றும் வைக்கவேண்டாம் என்றோம். வயிற்றுக்குள் இருக்கும் கட்டுச்சோறு சில நாளைக்குப் போதும். தோலை ஒருமுறை உரித்து அதையும் தின்றுவிடும். அதன் பிறகு விளக்கடியில் வரும் நுளம்பும் சிறு பூச்சியும் அதற்கு இருக்கின்றன. தாயைத் தேடாது, தாயும் அதைத் தேடாது என்று சொன்னோம். கடைசிச் செய்தி அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொப்பியில் என்ன எழுதினாய் என்று கேட்டோம். பழைய 47ஐ வெட்டவில்லையாம். அதற்கு முன்னால் 'யாழ்ப்பாணம், மே' என்று சேர்த்துவிட்டு, கீழே 'பதுளை, மாரி: 76' என்று எழுதியிருக்கிறாளாம். வெப்பமானி காட்டிய அளவுகளைத் தமையன் பக்கத்தில் எழுதிக் கொடுத்தானாம்.

லாச்சி அன்று மாலையே தையல் இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டது என்று நண்பரின் மனைவியார் தெரிவித்தார். நூற்கட்டைகளும் பேணியிலிருந்து திரும்பிவிட்டன. கோதை மாத்திரம் எறிய மகள் விடவில்லை. பஞ்சு வைத்த நெருப்புப் பெட்டி ஒன்றில் அது புத்தக மேசையின்மேல் இருக்கிறதாம்.